பாதைக்கேற்ற வண்டி: மிதிவண்டி உறுப்புகள் உரைக்கும் வரலாறு

மிதிவண்டி என்றவுடன் இரு சக்கரங்களும், அவற்றை இணைக்கும் இரும்புச் சட்டகமும், ஒரு சங்கிலியுமே பலருக்கு நினைவில் தோன்றும். எல்லா மிதிவண்டிகளும் ஒன்றே போன்றவை என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே எழும். ஆயினும், பால்மரத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பால் வாளிகளைச் சுமந்து சென்ற வண்டியையும், பந்தயத் தடத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும் வண்டியையும் அருகருகே நிறுத்தி நோக்கினால், அவ்வெண்ணம் பிழையானது என்பது விளங்கிவிடும். முன்னதன் எடை பின்னதன் எடையைப்போல் இருமடங்குக்கும் மேலாக இருக்கும். முன்னதற்குப் பின்சுமைதாங்கி இன்றியமையாதது. பின்னதற்கோ நிறுத்தும் கருவியான பிரேக்குகூட இராது. இரண்டும் மிதிவண்டிகளே. ஒன்று சுமைக்கெனவும் மற்றொன்று விரைவுக்கெனவும் பிறந்தவை.

இவ்வேற்றுமை ஒரே நாளில் தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, செல்லும் பாதைக்கும் செய்யும் தொழிலுக்கும் ஏற்ப மனிதர் ஒவ்வோர் உறுப்பாகத் தேர்ந்து, மாற்றி, பொருத்திப் பார்த்ததன் விளைவே அது. அவ்வரலாற்றில் அறிஞர்க்கும் ஆலை முதலாளிகளுக்கும் உரிய இடம் ஒருபுறமிருக்க, பெயர் அறியப்படாத பாட்டாளிகளுக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்க்கும் அதில் பங்குண்டு என்பது நம் மாணவர் அறியத்தக்க செய்தியாகும்.

காலும் சக்கரமும்

செருமன் நாட்டில் வனத்துறை அலுவலராக இருந்த கார்ல் வான் டிரைஸ் என்பார், 1817ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மான்ஹைம் நகரிலிருந்து ஒரு மரவண்டியில் ஏறிப் புறப்பட்டார். இரு சக்கரங்களை உடைய அவ்வண்டியில் மிதிகட்டை இல்லை, சங்கிலியும் இல்லை. அமர்ந்தவாறே கால்களால் நிலத்தை உந்திச் செல்ல வேண்டும். எனினும், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்கள்மீது மனிதன் விழாமல் செல்ல இயலும் என்பதை அவ்வண்டியே முதன்முதலில் மெய்ப்பித்தது.

1860களில் பாரிசு நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகட்டைகள் பொருத்தப்பட்டன. காலை ஒரு முறை சுழற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுழலும். ஆகவே விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1870களில் முன்சக்கரம் வளர்ந்துகொண்டே போய் ஆளுயரத்தை எட்டியதன் காரணம் இதுவே. 54 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரம் ஒரு மிதிப்பில் சுமார் 4.3 மீட்டர் தூரம் செல்லும். அதற்குமேல் பெரிய சக்கரம் வேண்டுமென்று விரும்பினாலும் மனிதனின் கால்நீளம் இடந்தராது. குட்டையானவர் சிறு சக்கரத்தோடும் நெட்டையானவர் பெரும் சக்கரத்தோடும் அமைதியடைய வேண்டியதாயிற்று. கல்லொன்றில் மோதினால், அவ்வுயரத்திலிருந்து ஓட்டுநர் தலைகுப்புற வீழ்வதும் இயல்பாயிற்று.

இத்தளையை அறுத்தது சங்கிலியும் பற்சக்கரமுமே. மான்செஸ்டரில் தொழில்புரிந்த ஆன்சு ரெனால்டு 1880ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலியைச் செம்மைப்படுத்தினார். 1885இல் கவன்றி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களையும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறையையும் கொண்ட 'ரோவர்' வண்டியை வெளிக்கொணர்ந்தார். இன்றைய மிதிவண்டியின் உருவம் அதுவே எனலாம்.

இதன் பயனைச் சிறு கணக்கொன்றால் மாணவர்க்கு விளக்கலாம். மிதிகட்டையோடு சுழலும் முன்பற்சக்கரத்தில் 48 பற்களும், பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். கால் ஒரு முறை சுழன்றால் பின்சக்கரம் மூன்று முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டராயின், ஒரு மிதிப்பில் வண்டி 6.3 மீட்டர் செல்லும். உயர்ந்த பெருஞ்சக்கரத்தாலும் அடைய முடியாத தூரத்தைத் தரையில் காலூன்றத்தக்க சிறிய வண்டி அடைந்துவிட்டது. அதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது யாதெனில், பற்சக்கரத்தை மாற்றினால் வண்டியின் தன்மையும் மாறிவிடும் என்ற உண்மையாகும். சக்கரத்தின் அளவு மனிதனின் கால்நீளத்திலிருந்து விடுதலை பெற்றது. இனி ஓட்டுநரின் உடலுக்கும் பாதையின் ஏற்றத்திற்கும் ஏற்ப வண்டியை அமைத்துக்கொள்ளலாம்.

காற்றடைத்த உறையும் பால்மரமும்

சங்கிலி வண்டியின் சக்கரங்கள் சிறுத்தபோது வேறொரு தொல்லை முளைத்தது. பெருஞ்சக்கரம் பள்ளங்களைத் தாண்டிச் செல்லும். சிறுசக்கரமோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். கெட்டி ரப்பர் பட்டைகளைச் சுற்றிய சக்கரங்கள் ஓட்டுநரின் எலும்புகளையெல்லாம் அதிரச் செய்தன. பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்கெனக் காற்றடைத்த உறையைச் செய்து பார்த்து, 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்கருத்தை ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. எனினும் தாம்சனின் காலத்தில் மிதிவண்டி இல்லை. டன்லப்பின் காலத்தில் இருந்தது. ஒரு கண்டுபிடிப்பு வாழ்வதற்கு அதனை வேண்டி நிற்கும் காலமும் வாய்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

1889இல் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்னும் ஓட்டுநர் காற்றுறை பூட்டிய வண்டியில் சென்று வெற்றி ஈட்டியதும் ஏளனங்கள் ஓய்ந்தன. ஆனால் அவ்வுறை ஓட்டையானால் பழுதுபார்ப்பது பெரும்பாடாக இருந்தது. சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்த அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். பிரான்சின் மிஷலின் உடன்பிறப்புகள் கழற்றி மாட்டத்தக்க டயரை 1891இல் உருவாக்கினர். அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்டு சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், அத்தகைய டயரைப் பூட்டிச் சென்ற சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். தொலைவழிப் பயணத்திற்கு விரைவு மட்டும் போதாது. இடைவழியில் தானே பழுதுநீக்கிக்கொள்ளும் எளிமையும் வேண்டும் என்பதை அப்பந்தயம் உலகுக்கு உணர்த்தியது.

இங்கே நம் மண்ணின் வரலாறு வந்து கலக்கிறது. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்துக் கோலாகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராவண்ணம் மீன்முள் வடிவில் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். டன்லப் காப்புரிமை பெற்றதும் ரிட்லி சிங்கப்பூர் வந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். 1890களில் மேலைநாடுகளில் பெருகிய மிதிவண்டி மோகம் ரப்பரின் தேவையை உயர்த்தியது. பின்னர் வந்த மோட்டார் வண்டி அதனைப் பன்மடங்காக்கியது. அத்தேவையை நிறைவு செய்யவே மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கே தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். விடியலுக்கு முன் விளக்கேந்திச் சென்று மரம் சீவிய அவர்களின் உழைப்பு, உலகெங்கும் ஓடிய சக்கரங்களைச் சுற்றி நின்றது. ஓட்டியவர் அதனை அறிந்திலர். சீவியவரும் அச்சக்கரங்களைக் கண்டிலர்.

ஏற்றமும் பிடிவாதமும்

பற்சக்கரத்தை மாற்றினால் வண்டியின் தன்மை மாறும் என்பது தெரிந்த பின்னர், ஓடும்போதே அதனை மாற்ற இயலுமா என்ற வினா எழுந்தது. சமவெளிக்கு ஏற்ற பற்சக்கரம் மலையேற்றத்தில் காலைக் கட்டிப்போடும்; மலைக்கு ஏற்றதோ சமவெளியில் காலை வீணாகச் சுழலவைக்கும். இவ்வினாவுக்கு இங்கிலாந்து ஒரு விடையும் பிரான்சு மற்றொரு விடையும் கண்டன.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1902இல் உருப்பெற்ற 'ஸ்டர்மி ஆர்ச்சர்' கியர், பற்சக்கரங்களைப் பின்சக்கரத்தின் குடத்திற்குள்ளேயே அடக்கி வைத்தது. மூன்று நிலைகளில் நடுநிலை பற்சக்கரத்தின் நேர் விகிதத்தைத் தரும். பிற்காலத்தில் மிகுதியாகப் புழங்கிய வகையில், தாழ்நிலை அதனை முக்காலாகக் குறைக்கும். உயர்நிலை மூன்றில் ஒரு பங்கு கூட்டும். மழையும் மண்ணும் உள்ளே புகா; நாள்தோறும் வேலைக்குச் செல்வோருக்கு அது பெரிதும் உகந்ததாயிற்று. பிரான்சிலோ சங்கிலியையே ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி வளர்ந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயருக்குத் 'தடம்புரட்டி' என்பது பொருள். எளிய அமைப்பு, குறைந்த எடை, பல நிலைகள் ஆகியவை அதன் நன்மைகள். திறந்து கிடப்பதால் புழுதி படிவதும், அடிக்கடி பராமரிக்க வேண்டியிருப்பதும் அதன் குறைகள்.

செயிந்த் எத்தியென் நகரத்துப் போல் த விவி என்பார், 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் தாம் நடத்திய மிதிவண்டி இதழின் வாயிலாகப் பல்கியர் முறையை இடைவிடாது வலியுறுத்தினார். மலைநாட்டில் வாழ்ந்த அவர் தாமே நெடும்பயணங்கள் மேற்கொண்டு தம் கருத்தைச் செயலில் காட்டினார். வண்டி இன்பப் பயணத்துக்கு உரியது. முதியவரும் மகளிரும் மலையேற வேண்டும். ஆதலின் உடலுக்கேற்ற கியர் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

அதற்கு நேர் எதிரான கொள்கை உடையவர் ஆன்றி தெகிராஞ்சு. 1903இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கியவர் அவரே. பந்தயம் மனிதனின் தசைவலிமையைச் சோதிப்பதேயன்றிக் கருவியின் நுட்பத்தைச் சோதிப்பதன்று என்று அவர் எண்ணினார். பல்கியர் நாற்பத்தைந்து வயது கடந்தோருக்கே உரியது என்றும் எழுதினார். அவருடைய கருத்து வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளத்தக்கதன்று. கருவி வலியவனை வெல்ல வைத்தால் போட்டிக்குப் பொருள் என்ன என்ற வினா இன்றும் விளையாட்டுலகில் உயிரோடிருப்பதே. ஆனால் அவ்விதியின் சுமையை ஓட்டுநரின் உடலே தாங்க வேண்டியிருந்தது. 1910இல் பந்தயப் பாதை பிரினீசு மலைத்தொடரின் தூர்மலே கணவாயைத் தொட்டது. அக்காலப் பந்தய வண்டியில் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் மீண்டும் இறங்கித் திருப்ப வேண்டும்.

1913இல் யூசேன் கிறிஸ்தோப் என்னும் ஓட்டுநர்க்கு நேர்ந்தது இவ்விதிகளின் கடுமைக்கு எடுத்துக்காட்டாகும். தூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியை நாடக்கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, செயிந்த் மரி த காம்பான் என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்து, தாமே நெருப்பில் இரும்பைக் காய்ச்சிக் கவையை ஒட்டினார். மேற்பார்வையாளர்கள் அருகில் நின்று நோக்கினர். துருத்தியை இயக்க ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவர்க்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. வெற்றிவாய்ப்பு அன்றே போயிற்று.

நோய் காரணமாக 1936இல் தெகிராஞ்சு பந்தயப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டிலேயே சங்கிலி மாற்றும் கியருக்கு இசைவளிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வெற்றியாளர் ரோசே லப்பெபி அத்தகைய கியருடன் ஓட்டியவரே. பந்தயத்தின் பெருமை அதனால் குன்றிவிடவில்லை. வெலோசியோ அதனைக் காண உயிரோடில்லை. 1930இல் டிராம் வண்டி மோதி அவர் மறைந்திருந்தார்.

நிலைமைக்கேற்ற நெம்புகள்

மிதிவண்டியின் உறுப்புகள் போர்க்களத்திலும் மாற்றம் கண்டன. 1941 திசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் சப்பானியப் படை கரையிறங்கியது. 55 நாள்களில் தீபகற்பம் முழுவதையும் கடந்து சனவரி இறுதியில் சொகூர்பாருவை அடைந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்த சாலைகளில் காலாட்படையினர் மிதிவண்டிகளில் வந்தனர். ஆறு குறுக்கிட்டபோது வண்டிகளைத் தோளில் சுமந்து கடந்தனர். போருக்கு முன்னரே சப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் பெருமளவில் விற்கப்பட்டிருந்தமையால், மாற்று உறுப்புகள் ஊர்தோறும் அவர்களுக்குக் கிட்டின. வெப்பத்தாலும் சுமையாலும் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றியெறிந்துவிட்டு வெறும் சக்கர விளிம்புகளின்மீதே ஓட்டினர். இரவில் எழுந்த அவ்விரும்பொலி, டாங்கிகள் வருவதாக எதிர்ப்படையினரை மருளச் செய்ததென அப்படையின் அதிகாரி சூசி மசநோபு எழுதியுள்ளார். உலகுக்கே ரப்பர் அளித்த தோட்டங்களின் நடுவே டயரின்றி வண்டிகள் ஓடியது வரலாற்றின் விந்தையே. பாலைத் தந்த நாட்டில் டயர் செய்யும் ஆலைத்தொழில் வேரூன்றாதிருந்ததன் பொருளை அவ்விந்தை வெளிப்படுத்துகிறது.

1954இல் வியட்நாமின் தியன் பியன் பூ முற்றுகையின்போது மிதிவண்டி ஓட்டுவதற்கன்றித் தள்ளுவதற்கே பயன்பட்டது. இருபதாயிரத்தை ஒட்டிய வண்டிகள் மலைப்பாதைகளில் உணவும் படைக்கலமும் சுமந்தன. கைப்பிடியின் ஒரு முனையில் மூங்கிலைக் கட்டி நீட்டினர். பக்கவாட்டில் நடந்துகொண்டே வண்டியைத் திருப்ப அது உதவியது. இருக்கைத் தண்டில் மற்றொரு கோலைச் செருகி வண்டியைச் சாயாமல் பிடித்தனர். சட்டகத்தை இரும்பாலும் மரத்தாலும் வலுப்படுத்தினர். டயருக்கும் டியூபுக்கும் இடையே பழந்துணியைச் சுற்றினர். இவ்வாறு மாற்றியமைத்த வண்டி இருநூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்கிற்று. மூங்கிலும் கந்தலும்கூட மிதிவண்டியின் உறுப்புகளாக முடியும் என்பதை அப்போர் காட்டியது.

வேலைக்கு ஒரு வண்டி, விரைவுக்கு ஒரு வண்டி

மலாயா, இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பரவிய ஆங்கிலேய வேலைவண்டியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு என்பது புலப்படும். முன்கவையும் இருக்கைத் தண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சக்கரங்களுக்கிடையே இடைவெளி மிகுந்திருக்கும். கரடுமுரடான சாலையின் அதிர்ச்சியை இவ்வமைப்பு தணிக்கும். 28 அங்குலச் சக்கரம் குழிகளை எளிதில் தாண்டும். முன்சக்கரத்தில் 32 ஆரங்களும், சுமை மிகுதியாக விழும் பின்சக்கரத்தில் 40 ஆரங்களும் அமைப்பது ஆங்கிலேயர் மரபு. பிரேக்குகளைக் கம்பிவடத்தால் அன்றி இரும்புத் தண்டுகளால் இயக்கினர். தண்டு எளிதில் அறாது. சிற்றூர்ப் பட்டறையிலும் வளைந்ததை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் முலாம் பூசிய இரும்பு விளிம்பு மழையில் நனைந்தால் பிரேக்கின் பிடி வெகுவாகக் குன்றிவிடும். அடைமழை நாடான மலாயாவில் இது பெருங்குறையே. பிற்காலத்தில் அலுமினிய விளிம்பும், குடத்துக்குள் அமைந்த பிரேக்கும், வட்டத்தகட்டுப் பிரேக்கும் அக்குறையை நீக்கின.

தோட்டத்துத் தொழிலாளர் இவ்வண்டியை அப்படியே ஏற்கவில்லை. காண்டாக் கம்பில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த பாலை, மிதிவண்டி வந்த பின்னர் பின்சுமைதாங்கியில் ஏற்றினர். அதற்கெனச் சுமைதாங்கியைத் தடித்த கம்பியால் அகலமாக்கினர். சுமையோடு வண்டியை நிறுத்த உறுதியான தாங்குகால் பொருத்தினர். ஊர் ஊராய்ச் சென்ற ரொட்டிக்காரரின் வண்டியில் பின்புறம் பெட்டியொன்று ஏறியது. பொட்டலங்கள் இருபுறமும் தொங்கின. பினாங்கில் பயணியை முன்னே அமர்த்தி ஓட்டுநர் பின்னே மிதிக்கும் திரிஷா அமைந்தது. சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் பக்கவாட்டில் இருக்கை பொருத்திய திரிஷா ஓடியது. 1947இல் சிங்கப்பூரில் மனிதர் இழுக்கும் ரிக்ஷா தடை செய்யப்பட்டபோது, அதன் இடத்தை ஏற்கத் திரிஷா ஆயத்தமாக இருந்தது. இழுத்தவர் மிதிப்பவரானார். சுமை முற்றும் நீங்கவில்லையாயினும், சக்கரமும் பற்சக்கரமும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டன.

இதற்கு நேர் மறுமுனையில் நிற்பது தடப்பந்தய வண்டி. அதில் பிரேக் இல்லை. கியர் மாற்றி இல்லை. கால் நின்றால் சக்கரமும் நிற்கும் வகையில் பற்சக்கரம் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். 1972 அக்டோபரில் பெல்சியத்தின் எடி மெர்க்சு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து உலகச் சாதனை படைத்தார். அதற்கென எர்னஸ்தோ கொல்னாகோ செய்தளித்த வண்டி ஆறு கிலோகிராமைக்கூட எட்டவில்லை. எடை குறைப்பதற்காகச் சங்கிலியிலும் துளையிட்டிருந்தனர். முன்பற்சக்கரத்தில் 52 பற்கள், பின்னதில் 14. ஒரே மணி நேரம், ஒரே மனிதர், ஒரே தடம். அதற்காகவே பிறந்த வண்டி அது. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016இல் ரியோவில் வெண்கலமும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றதும் இவ்வகை வண்டியிலேயே. அவ்வண்டியைச் சாலையில் ஓட்ட முற்படுவது உயிருக்கு ஊறு செய்யும். அதுபோல் பால் சுமந்த வண்டியைத் தடத்தில் ஓட்டுவதும் வீண் முயற்சியே.

பழைய சட்டகத்தில் புதிய பாதை

உறுப்புகளைத் தேர்ந்து பொருத்தும் கலையிலிருந்து ஒரு புதிய வண்டி வகையே தோன்றியதற்கு 1970கள் சான்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில் இளைஞர் சிலர், 1930, 1940களில் செய்யப்பட்ட பழைய வண்டிகளைத் தேடியெடுத்தனர். அவற்றின் பருத்த டயர்கள் மலைச்சரிவின் கற்களைத் தாங்கின. 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்னும் சரிவோட்டப் போட்டியை அவர்கள் தொடங்கினர். இறங்கும் வேகத்தில் குடத்துப் பிரேக் கொதித்து உள்ளிருந்த மசகு ஆவியாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புது மசகை நிரப்ப வேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது.

இறங்கியவர்க்குப் பின்னர் ஏறவும் வேண்டுமே. கேரி பிஷர் போன்றோர் பயண வண்டியின் கியர் மாற்றியையும் வலிய பிரேக்குகளையும் பழைய சட்டகத்தில் பொருத்தினர். 1977இல் ஜோ பிரீஸ் அதற்கெனவே புதிய சட்டகம் செய்தார். 1981இல் அவ்வகை வண்டி ஆலைகளில் பெருமளவில் தயாராயிற்று. முன்பற்சக்கரத்தில் 24 பற்களும் பின்னதில் 32 பற்களும் இருப்பின், கால் ஒரு முறை சுழல வண்டி ஏறத்தாழ 1.6 மீட்டரே நகரும். ஆயினும் செங்குத்தான மலையிலும் அது நகரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெலோசியோ வேண்டியது அதுவன்றோ! பயண வண்டியிலிருந்து கியர், பழைய வண்டியிலிருந்து டயரும் சட்டகமும், மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் பிடி என ஒவ்வொன்றையும் ஓரிடத்திலிருந்து எடுத்து, தம் பாதைக்கு ஏற்றதைத் தாமே கண்டவர்கள் அவர்கள்.

பொருந்தும் உறுப்பு எது என்பதை ஆலை முன்னரே தீர்மானித்துவிட முடியாது என்பதற்குத் தமிழகத்திலும் ஒரு சான்றுண்டு. 1991ஆம் ஆண்டு தொடங்கிய புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தோடு இணைந்து, சிற்றூர்ப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மகளிருக்கென, சேலையோடு ஏறுவதற்கு ஏதுவாக மேல்தண்டைத் தாழ்த்திச் செய்த வண்டிகள் நெடுங்காலமாகவே இருந்தன. ஆனால் தேவைக்கேற்ப அவ்வண்டிகள் கிடைக்காதபோது பெண்கள் தயங்கவில்லை; ஆடவர் வண்டியையே ஓட்டினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். குறுக்கே செல்லும் அம்மேல்தண்டில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா? இடையூறு என்று வடிவமைப்பாளர் நீக்கிய தண்டு, தாய்க்கு வசதியாயிற்று.

முடிவாக

மிதிவண்டியின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது. எல்லாப் பாதைக்கும் பொருந்தும் சிறந்த வண்டி என ஒன்று இல்லை. யார் ஓட்டுகிறார், எதைச் சுமக்கிறார், எந்த வழியில் செல்கிறார் என்ற வினாக்களுக்கு விடை தெரிந்த பின்னரே உறுப்பைத் தேர்தல் வேண்டும். ஒரே விதியை எல்லார்க்கும் விதித்த காலத்தில் கிறிஸ்தோப் போன்றோர் தண்டனை பெற்றனர். உடலுக்கும் வழிக்கும் ஏற்ப வண்டியை மாற்றிக்கொண்ட இடங்களில் முதியவர் மலையேறினர். தாய்மார் பிள்ளையோடு பயணம் சென்றனர். வகுப்பறையில் பல்வேறு இயல்புடைய மாணவரை வழிநடத்தும் ஆசிரியர்க்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. மெர்க்சு ஓட்டிய வண்டியின் பற்களை உலகம் எண்ணி வைத்திருக்கிறது. தோட்டத்தில் பால் சுமந்த வண்டியின் பற்களை எவரும் எண்ணி வைக்கவில்லை. எந்த அளவுக் கம்பியால் சுமைதாங்கி கட்டினார்கள், நனைந்த விளிம்பில் பிரேக் பிடிக்காதபோது என்ன செய்தார்கள், ஏற்றத்தில் எங்கே இறங்கித் தள்ளினார்கள் என்பவற்றை அறிந்தோர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களுள் பலர் நம் மாணவரின் பாட்டனும் பாட்டியுமாவர். மாணவர் ஒரு மாலைப்பொழுது அவர்கள் அருகமர்ந்து கேட்டு எழுதி வைப்பாராயின், மிதிவண்டி வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத ஓர் இயல் தமிழில் முதன்முதலாக எழுதப்படும். பழைய கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடக்கும் வண்டியின் பற்களை எண்ணுவதிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.